கிள்ளான் இரயில் பாதையும் நம்மவர்களும்: 1886 முதல் இன்று வரை

கிள்ளானில் காலை கொமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கும் பலருக்கு அது வெறும் வேலைக்குப் போகும் பயணம். பாடாங் ஜாவா, ஷா ஆலம், பத்து தீகா, சுபாங் ஜெயா, பெட்டாலிங் என நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போகின்றன. இந்தப் பாதை ஏறத்தாழ 140 ஆண்டுகள் பழையது. சிலாங்கூர் மாநிலத்தில் போடப்பட்ட முதல் இரயில் பாதை இதுதான்.

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் ஆகிய மூன்று இடங்களிலும் நம்மவர்கள் இவ்வளவு பெருந்தொகையாக வாழ்வதற்கு இந்தப் பாதை ஒரு முக்கியக் காரணம். ஆனால் பாதை போடலாம் என்று முடிவு செய்தவர்கள் யார், அந்த முடிவில் நமக்கு என்ன இடம் இருந்தது என்பது நம் பிள்ளைகளுக்கு அதிகம் தெரியாது. அதைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரயிலுக்கு முன் பயணம் எப்படி இருந்தது?

1870களில் சிலாங்கூரின் நிர்வாகத் தலைநகரம் கிள்ளான். கோலாலம்பூர் ஈயத்தை நம்பி வளர்ந்த ஊர். ஈய லம்பங்கள் அம்பாங் பக்கம் இருந்தன. தோண்டிய ஈயத்தைக் கப்பல் ஏற்றக் கிள்ளான் ஆற்றின் வழியே கடலுக்குக் கொண்டுபோக வேண்டும். அரிசி, எண்ணெய், கருவிகள் எல்லாம் அதே ஆற்றின் வழியே மேலே வர வேண்டும். நீரோட்டத்தை எதிர்த்துக் கோல் ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வந்து சேர மூன்று நாள் வரை ஆகும்.

இதற்கு ஒரு குறுக்கு வழியும் இருந்தது. கிள்ளானிலிருந்து டாமன்சாரா துறை வரை படகில் வந்து, அங்கிருந்து தரை வழியாகக் கோலாலம்பூருக்கு மாட்டு வண்டியில் வரலாம். மழைக்காலத்தில் அந்தப் பாதை சேறாகிவிடும். சக்கரம் புதைந்தால் சுமையை இறக்கி, வண்டியைத் தூக்கி, மறுபடியும் ஏற்ற வேண்டும். வண்டிக் கூலி கூடக் கூட ஈயத்தில் கிடைக்கும் இலாபம் குறையும்.

1880-ஆம் ஆண்டு தலைநகரம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. அதன் பிறகு அரசாங்கத்துக்கே இந்தப் போக்குவரத்துச் சிக்கல் தலைவலியானது. 1881-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் பெரும் தீ விபத்தும் வெள்ளமும் ஏற்பட்டன. அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் கொண்ட ஊர் அழிந்தது. இனிமேல் செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்ற நிலை வந்தது. ஊருக்குத் தெற்கே செங்கல் சூளைகள் எழுந்தன. அந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். பெயருக்குப் பொருள் செங்கல் வயல் என்பதுதான்.

மாநகர மன்றம் இல்லாத ஊர்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 19-ஆம் நூற்றாண்டில் இரயில் பாதை ஊருக்குள் வர வேண்டுமானால் நகர மன்றம் கூடி, விவாதித்து, வாக்களித்து ஒப்புதல் தருவது வழக்கம். எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும், யார் நிலத்தை எடுக்க வேண்டும் என்று ஊர் மக்கள் சண்டை போடுவார்கள்.

அன்றைய கோலாலம்பூரில் அப்படி ஒரு மன்றமே இல்லை. நகரத்தைக் கவனிக்கச் சுகாதார வாரியம் அமைந்ததே 1890-இல்தான். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இரயில் வந்துவிட்டது. அப்படியானால் முடிவு எடுத்தது யார்?

1877-ஆம் ஆண்டு முதல் சிலாங்கூரில் மாநில மன்றம் ஒன்று செயல்பட்டது. சுல்தான் அப்துல் சமாட் ஆட்சிக் காலம் அது. அரச குடும்பத்தினர், மலாய்த் தலைவர்கள், பிரிட்டிஷ் ரெசிடன்ட், சீனர்களின் சார்பில் காப்பித்தான் யாப் ஆ லோய் ஆகியோர் மன்றத்தில் இருந்தனர். சட்டம், வரி, நிலம், செலவு ஆகியவை மன்றத்தின் முன் வைக்கப்பட்டன. பெயருக்கு அது சுல்தானின் மன்றம். ஆனால் எதைப் பேசுவது என்று பட்டியல் போட்டவர் ரெசிடன்ட். பெரிய செலவு என்றால் சிங்கப்பூரில் இருந்த கவர்னரின் அனுமதியும் வேண்டும்.

1882-இல் சிலாங்கூர் ரெசிடன்டாக வந்தவர் பிராங்க் சுவெட்டன்ஹாம். சாலையும் இரயிலும் இல்லாமல் மாநிலத்தின் வருமானம் உயராது என்பது அவருடைய உறுதியான கருத்து. சிங்கப்பூரில் கவர்னராக இருந்த சர் பிரெடரிக் வெல்டும் இரயில் திட்டங்களை ஆதரித்தார். சீன ஈய முதலாளிகளுக்கும் மலிவான போக்குவரத்து தேவைப்பட்டது. அதனால் பெரிய எதிர்ப்பு எழ இடமில்லை.

அன்றைய மாநில மன்றத்தில் தமிழர் எவருக்கும் இடம் இல்லை. கிள்ளான் இரயில் திட்டத்துக்காக மண் வெட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். தண்டவாளம் போடப் போகிறவர்களும் அவர்களே. ஆனால் கூலி எவ்வளவு, குடியிருப்பு எங்கே, நோய் வந்தால் யார் பொறுப்பு என்று மன்றத்தில் கேட்க நம் பக்கம் ஆள் இல்லை. கூட்டரசு மன்றத்தில் முதல் இந்திய உறுப்பினராக வழக்கறிஞர் வீராசாமி நியமிக்கப்பட்டது 1928-இல்தான். அதாவது முதல் இரயில் ஓடி 42 ஆண்டுகள் கழித்து.

தைப்பிங் முதல், கோலாலம்பூர் அடுத்து

மலாயாவின் முதல் இரயில் பாதை பேராக்கில் போடப்பட்டது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, சுமார் 12.8 கிலோமீட்டர். இன்று கோலா செப்பெத்தாங் என்று அழைக்கப்படும் இடமே அந்தப் போர்ட் வெல்ட். 1885 ஜூன் 1-ஆம் நாள் அது திறக்கப்பட்டது. அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து 'பயனியர்' எனப்படும் தொழிலாளர் படைப் பிரிவுகள் வரவழைக்கப்பட்டன.

தமிழகத்தில் இரயில் அதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. 1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து முதல் இரயில் ஓடியது. இலங்கையில் 1860களில் கொழும்பு-கண்டி பாதை போடப்பட்டது. ஆகவே மண் அணைக் கட்டவும், சரளை பரப்பவும், சிலிப்பர் கட்டை அடுக்கவும் தெரிந்த ஆட்கள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருந்தார்கள். மலாயாவில் அந்த ஆட்பலம் இல்லை. ஆங்கிலேய நிர்வாகம் நம் பக்கம் திரும்பியதற்கு இது ஒரு காரணம்.

கோலாலம்பூர் பாதை 1886 செப்டம்பரில் திறக்கப்பட்டது. கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை, ஏறத்தாழ 31 கிலோமீட்டர். இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ஒரு மீட்டர். கொமுட்டர் ஓடும் இன்றைய பாதையிலும் அதே அகலம்தான்.

சுல்தான் அப்துல் சமாட் இரயிலில் பயணம் செய்துவிட்டு, தாம் ஏறிய மாட்டு வண்டிகளிலேயே இதுதான் சிறந்தது என்று வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. உண்மையான மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது. டாமன்சாரா துறைக்கும் கோலாலம்பூருக்கும் இடையே சுமை ஏற்றிப் பிழைத்தவர்களின் தொழில் சரிந்தது. டாமன்சாரா துறையும் முக்கியத்துவம் இழந்தது. ஒரு பாதை வந்தால் ஓர் ஊர் வளரும், இன்னோர் ஊர் தேயும் என்பதற்கு அது முதல் சாட்சி.

ஏன் கிள்ளான் வரை போகவில்லை?

பலர் கேட்கும் கேள்வி இது. கிள்ளான் நகரம் ஆற்றின் மறு கரையில் இருந்தது. பாலம் கட்டச் செலவும் காலமும் பிடிக்கும். புக்கிட் கூடா வரை நீராவிக் கப்பல்கள் ஆற்றில் ஏறி வர முடிந்தது. எனவே முதலில் அங்கேயே பாதையை நிறுத்தினார்கள். இரயிலில் வந்த ஈயம் அங்கே கப்பலில் ஏறியது.

கன்னாட் பாலம் கட்டி முடித்த பின் 1890-இல் இரயில் கிள்ளானுக்குள் வந்தது. விக்டோரியா அரசியாரின் மகன் கன்னாட் கோமகனின் பெயர் அந்தப் பாலத்துக்கு வைக்கப்பட்டது.

அதோடு சிக்கல் தீரவில்லை. வளைந்து செல்லும் ஆற்றில் பெரிய கப்பல்கள் வருவது கடினம். கடல் முகத்திலேயே புதிய துறைமுகம் கட்டுவது என்று முடிவானது. 1899-இல் பாதை அங்கே நீட்டிக்கப்பட்டது. 1901 செப்டம்பர் 15-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான் அதுவே. பெயர் மாறியது 1972-இல்.

புதிய துறைமுகம் சதுப்பு நிலத்தில் இருந்தது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியா காய்ச்சல் தொழிலாளர்களைச் சாய்த்தது. துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற நிலை வந்தது. அப்போது கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், காட்டை வெட்டி, வாய்க்கால் தோண்டி நீரை வடியச் செய்தால் கொசு குறையும் என்று வலியுறுத்தினார். வாய்க்கால் தோண்டியதும் காய்ச்சல் குறைந்தது. மலேரியா ஒழிப்பு வரலாற்றில் கிள்ளானும் போர்ட் சுவெட்டன்ஹாமும் உலக அளவில் பேசப்படுவது இதனால்தான். அந்த வாய்க்கால் வேலையிலும் மண்வெட்டி பிடித்த கைகள் கூலித் தொழிலாளர்களுடையவை. அவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

தம்புசாமி பிள்ளையும் ஆள் திரட்டலும்

இரயில் பாதை வரலாற்றில் பெயர் தெரிந்த தமிழர் காயாரோகணம் தம்புசாமி பிள்ளை. 1850-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். ஆங்கிலம் கற்றவர். சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடன்ட் டேவிட்சனுடன் 1875-இல் கிள்ளான் வந்தார். கருவூலத்தில் தலைமைக் கிராணியாக இருந்தார். இரயில் வேலைக்கு இந்தியாவுக்குச் சென்று ஆள் திரட்டி வரும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன.

கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்தவரும் அவரே. 1873-இல் தொடங்கிய அந்தக் கோயில் முதலில் கோலாலம்பூர் இரயில் நிலையத்தின் பக்கம் இருந்தது. 1885-இல் இன்றைய ஜாலான் துன் எச்.எஸ். லீக்கு இடம் மாறியது. மறு ஆண்டே இரயில் ஓடத் தொடங்கியது. பத்துமலையில் முருகன் வழிபாடு 1891-இல் தொடங்கியதிலும் தம்புசாமி பிள்ளையின் பங்கு பெரிது. இன்று தைப்பூசத்துக்குக் கிள்ளானிலிருந்து இரயில் ஏறிப் பத்துமலை போகிறவர்கள், ஒருவகையில் அவர் தொட்ட இரண்டு வேலைகளையும் ஒரே நாளில் பார்க்கிறார்கள்.

அவரை நாம் பெருமையோடு நினைக்கிறோம். அது சரி. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அவர் அரசாங்கத்தின் அலுவலர். ஆள் திரட்டுவது அவர் பணி. திரட்டப்பட்டவர்களின் நிலை வேறு. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, ஒப்பந்தக் கடன் கழியும்வரை வேலை செய்ய வேண்டிய காலம் அது. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் முடிவுக்கு வந்தது 1910-இல்தான்.

கம்பி வேலையும் காகித வேலையும்

இரயில்வேயில் நம்மவர்கள் இரண்டு வழிகளில் வந்தார்கள். இதைப் புரிந்துகொண்டால் பிரிக்பீல்ட்ஸ் ஏன் அப்படி அமைந்தது என்பதும் புரியும்.

முதல் வழி தமிழகத்திலிருந்து. இவர்கள் பாதையைப் போட்டவர்கள், பாதையைக் காத்தவர்கள். தண்டவாள கேங்கில் வேலை செய்தவர்கள் ஒவ்வொரு நாளும் தங்களுக்குரிய மைல் கணக்கை நடந்து பார்ப்பார்கள். தளர்ந்த ஆணியை இறுக்குவார்கள். உளுத்த சிலிப்பரை மாற்றுவார்கள். மழைக்குக் கரைந்த சரளையை மறுபடி நிரப்புவார்கள். பாயிண்ட்ஸ்மேன், கேட் காவலர், நிலக்கரி அள்ளுபவர், பட்டறைத் தொழிலாளி என வேலைகள் விரிந்தன.

இரண்டாம் வழி யாழ்ப்பாணத்திலிருந்து. அங்கே மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் மலாயாவுக்கு வந்து கிராணி, கணக்கர், ஸ்டேஷன் மாஸ்டர் ஆனார்கள். இலங்கைப் பொதுப்பணித் துறையில் அனுபவம் பெற்ற பொறியாளர் சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர் 1890களின் தொடக்கத்தில் சிலாங்கூருக்கு வந்து, பின்னர் கூட்டு மலாய் மாநிலங்களின் இரயில்வேக்கு முதல் பொது மேலாளரானார். இலங்கைத் தொடர்பு அப்போது மேலும் வலுவாக இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருக்கும் ஸ்ரீ கந்தசுவாமி கோயில் இந்தச் சமூகத்தின் அடையாளம். 1904-இல் எழுந்த விவேகானந்த ஆசிரமமும் இதே காலத்தின் விளைவு.

இரு சாராரும் ஒரே மொழி பேசினார்கள். ஆனால் குடியிருப்பு வேறு, சம்பளம் வேறு, பள்ளி வேறு. கிராணிக்குச் செங்கல் குவாட்டர்ஸ். கேங் தொழிலாளிக்குப் பாதையோர லயம். ஒருவர் பிள்ளை ஆங்கிலப் பள்ளிக்குப் போனது. மற்றவர் பிள்ளை தமிழ்ப் பள்ளிக்குப் போனது, அல்லது பள்ளிக்கே போகவில்லை. இந்த இடைவெளி தானாக வந்தது அல்ல. யாரை எந்த வேலைக்கு எடுப்பது என்று நிர்வாகம் போட்ட கோடு அது. அந்தக் கோட்டின் தடம் நம் சமூகத்தில் வெகுகாலம் இருந்தது என்பதை நாமே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், தோட்டங்கள்

செங்கல் சூளைகள் இருந்த பிரிக்பீல்ட்ஸில் இரயில்வேயின் பண்டகசாலை, தண்டவாள முற்றம், குவாட்டர்ஸ் எல்லாம் வந்தன. 'நூறு குவாட்டர்ஸ்' என்றால் பழைய தலைமுறைக்கு உடனே தெரியும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய பட்டறை செந்தூலில் அமைந்தது. இஞ்சினைப் பிரித்துப் பூட்டுவது முதல் பெட்டி செய்வது வரை அங்கே நடந்தது. செந்தூல் தமிழர் பேட்டையானது அதனால்தான். இன்றும் புகழப்படும் கோலாலம்பூர் பழைய இரயில் நிலையம் 1910-இல் திறக்கப்பட்டது. அதன் வடிவமைப்பாளர் ஆர்தர் பெனிசன் ஹப்பக்.

கிள்ளான் பாதையின் இரு பக்கமும் காப்பித் தோட்டங்கள் வந்தன. பின்னர் அவை ரப்பர் தோட்டங்களாயின. ரப்பர் ஷீட்டைத் துறைமுகத்துக்கு அனுப்ப இரயில் இருந்ததால் பாதையை ஒட்டிய நிலத்துக்கு மதிப்பு கூடியது. தோட்டத்துக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் கொண்டுவந்தார்கள். இன்று ஷா ஆலம் நகரம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் என்ற தோட்டப் பகுதி. இரயில் ஈயத்துக்காக வந்தது. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கைத் தமிழர் மண்ணாக்கியது ரப்பர். இரண்டையும் இணைத்தது இந்தத் தண்டவாளம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செய்தி. சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சன் வரை 1891-இல் திறக்கப்பட்ட பாதை தனியார் நிறுவனத்தினுடையது. 1908-இல் தான் அரசு அதை வாங்கியது. சிலாங்கூர் பாதை தொடக்கம் முதலே அரசின் சொத்து. அரசுச் சொத்து என்பதால் அதை ஒட்டிய நிலமும் குவாட்டர்ஸும் அரசின் வசமே இருந்தன. தொழிலாளி அங்கே 30 ஆண்டு வாழ்ந்தாலும் வேலை இருக்கும்வரைதான் வீடு. பணி ஓய்வு பெற்ற நாளில் வீட்டுச் சாவியையும் ஒப்படைக்க வேண்டும். இரயில்வே குடும்பங்கள் பலவற்றின் கையில் நிலப்பட்டா இல்லாமல் போனதற்கு மூல காரணம் இதுவே.

உரிமைக் குரல்

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் இரயில் என்ற சொல்லே தோட்ட மக்களுக்கு நடுக்கம் தந்தது. சயாம்-பர்மா மரண இரயில் பாதைக்கு ஆட்களைப் பிடித்துச் சரக்குப் பெட்டிகளில் ஏற்றி அனுப்பினார்கள். சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் மாண்ட தமிழர்களின் சரியான கணக்கு எழுதி வைக்கப்படவே இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்குத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் போனார்கள். பலர் திரும்பவில்லை.

போருக்குப் பின் இரயில்வே தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டார்கள். பல ஆண்டு உழைத்தும் நாள்கூலியாகவே வைக்கப்பட்டிருந்தவர்கள் மாதச் சம்பளம் கேட்டார்கள். 1962-ஆம் ஆண்டு இறுதியில் மலாயா இரயில்வே தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் நாடு முழுவதும் இரயில்களை நிறுத்தியது. மாதச் சம்பளம் என்றால் விடுப்பும் மருத்துவமும் ஓய்வுக்கால உறுதியும். 1880களின் மாநில மன்றத்தில் எவரும் கேட்காத கேள்வியைத் தொழிலாளர்களே தண்டவாளத்தில் நின்று கேட்டார்கள் என்று இதைச் சொல்லலாம்.

முற்றம் போய் சென்ட்ரல் வந்தது

1990களில் பிரிக்பீல்ட்ஸின் பழைய தண்டவாள முற்றம் மேம்பாட்டுக்கு எடுக்கப்பட்டது. 2001 ஏப்ரலில் அங்கே கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. சரக்குப் பெட்டிகள் நின்ற இடத்தில் இன்று உயர்மாடி அலுவலகங்களும் தங்கும் விடுதிகளும் நிற்கின்றன. 2010 அக்டோபரில் பிரிக்பீல்ட்ஸ் 'லிட்டில் இந்தியா' என்று அதிகாரப்பூர்வமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் அந்நிகழ்ச்சிக்கு வந்திருந்தார்.

வளர்ச்சி வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் வளைவும் வண்ணமும் வந்த அதே காலத்தில், அந்த இடத்தை உண்டாக்கிய இரயில்வே குடும்பங்கள் பல வெளியே போய்விட்டன. விவேகானந்த ஆசிரமத்தின் நிலத்தில் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது 2014-இல் பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பின்னர் அந்தக் கட்டடம் மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. பேசினால் கேட்பார்கள் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

இன்று நமக்கு நாற்காலி இருக்கிறது

1880களுக்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்று பாதை எங்கே போகும் என்பது மூடிய அறையில் முடிவானது. இன்று நம் நாட்டில் புதிய இரயில் திட்டம் என்றால், அதன் வரைபடத்தை மூன்று மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். எம்ஆர்டி பாதைகளுக்கும், கிள்ளான் வழியாகப் போகும் எல்ஆர்டி 3 பாதைக்கும் அப்படித்தான் செய்தார்கள். நகர மேம்பாட்டு வரைவுத் திட்டங்களுக்கும் ஆட்சேபம் தெரிவிக்க வழி உண்டு. கோலாலம்பூரில் மாநகர் மன்றமும், 2024 முதல் அரச மாநகரமாகிவிட்ட கிள்ளானில் மாநகர் மன்றமும் இதைக் கவனிக்கின்றன.

அந்தப் பார்வைக் கூடங்களுக்கு நம்மவர்கள் எத்தனை பேர் போகிறார்கள்? கோயில் நிர்வாகமும் பள்ளி மேலாளர் வாரியமும் குடியிருப்போர் சங்கமும் தங்கள் நிலம் பாதையிலிருந்து எவ்வளவு தூரம் என்று சரிபார்க்கின்றனவா? புல்டோசர் வந்த பிறகு கூடுவதைவிட, வரைபடம் சுவரில் தொங்கும்போதே போய்ப் பார்ப்பது நல்லது. ஆட்சேபம் எழுத்தில் இருக்க வேண்டும். முகவரியும் நில எண்ணும் இருக்க வேண்டும். கொடுத்ததற்குப் பெற்ற ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

இன்னொரு வேலையும் நம் கையில் இருக்கிறது. தாத்தாவின் இரயில்வே சேவைப் புத்தகம், பழைய குவாட்டர்ஸ் கடிதம், பாட்டியின் பிறப்புப் பத்திரத்தில் எழுதப்பட்ட முகவரி, சங்க உறுப்பினர் அட்டை ஆகியவை வீட்டில் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். பெயரும் ஆண்டும் பின்னால் எழுதி வையுங்கள். கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகத்தின் பழைய கோப்புகள் பாதுகாக்கப்படுகின்றன. ஆர்வமுள்ள மாணவர்கள் அங்கே போய்த் தேடலாம்.

1880களின் மன்றக் குறிப்புகளில் ரெசிடன்டின் பெயர் இருக்கும். சுல்தானின் பெயர் இருக்கும். காப்பித்தானின் பெயரும் இருக்கும். சிலிப்பர் சுமந்தவரின் பெயரை அங்கே தேட முடியாது. அது உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கலாம். இந்த வாரமே ஒருமுறை திறந்து பாருங்கள்.